இறங்கிய பிறகு ஒரு நாள்

நீடாமங்கலம் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் காதர் மைதீன் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். முன்னால் ஜெராக்ஸ் மெஷின், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு உலகப்படம். 2008ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் வானதி அந்தக் கடைப் படியேறினாள். அவள் புருஷன் ராஜ்குமார் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு தடவை அங்கே போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. கோடை விடுமுறையில் போவதென்றால் என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டுப் போகத்தான் வந்திருந்தாள். ரேஷன் கார்டு, போட்டோ, மகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் ராஜ்குமார் போன தடவை விட்டுவிட்டுப் போன நீல ரெக்சின் பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது கஷ்டமாக இருக்குமா என்று கேட்டாள்.

"இதுல என்னம்மா கஷ்டம்? திருச்சியில ஏறுனா சிங்கப்பூரு மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. நாலு மணி நேரம். நாம பஸ்ஸுல மெட்ராஸ் போயிச் சேர்ற நேரத்துல பாதிதான்" என்றார் காதர் மைதீன்.

வானதி சிரித்தாள். என் வீட்டுக்காரருக்கு வந்து சேர முழுசாக ஒரு நாள் ஆகிறதே பாய் என்றாள். ராத்திரி சென்னையில் இறங்கி, விடியற்காலை கோயம்பேட்டில் மன்னார்குடி பஸ் பிடித்து, மத்தியானம்தான் வீட்டுக்கு வருவார். பதினொரு வருஷமாக அப்படித்தான்.

அதெல்லாம் பழைய கதை என்றார் அவர். இரண்டு வருஷம் முன்னால் திருச்சிக்கே நேராக விமானம் வந்த பிறகு இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் சென்னை வழியாக வருவதில்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அதனால் காலை ஏழரைக்கு அங்கே ஏறினால் நம் நேரத்துக்கு ஒன்பது மணிக்கே திருச்சியில் இறங்கிவிடலாம். பேசிக்கொண்டே மேஜைமேல் இருந்த பையைத் தன் பக்கம் திருப்பினார். கைப்பிடியில் போன பயணத்தில் ஒட்டிய காகிதப் பட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தா, போட்டிருக்கு பாரும்மா. டி ஆர் இசட்டுன்னா திருச்சி. மெட்ராஸா இருந்தா எம் ஏ ஏன்னு இருக்கும். உங்க வீட்டுக்காரரும் திருச்சியிலதான் எறங்கியிருக்காரு."

சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது. வானதியின் முகத்தைப் பார்த்தார். உடனே எழுந்து போய், யாரும் கேட்காத ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து தாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு வானதி எந்த விவரமும் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு நீடாமங்கலத்துக்குத் தெற்கே மூன்று மைலில் இருந்தது. மாமனார் தங்கையன், மாமியார் தர்மாம்பாள், எட்டு வயது மகள் அபிராமி, இவர்களோடு எந்நேரமும் யாராவது வந்து போய்க்கொண்டிருக்கிற வீடு. காவிரியில் தண்ணீர் வராமல் இரண்டு குறுவை அடுத்தடுத்துப் பொய்த்துப் போன காலத்தில் ராஜ்குமார் சிங்கப்பூர் போனான். அவன் அனுப்பியதில்தான் ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதம் சம்பா அறுவடைக்கு வருவான். ஆறு வாரம் இருப்பான். அவன் வந்து இறங்குகிற மத்தியானம் பங்காளிகளும் அக்கம்பக்கமும் கூடிவிடுவார்கள். அவனும் பெட்டியை நடுக்கூடத்தில் வைத்துத் திறந்து, ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டு, தைல பாட்டிலும் சாக்லேட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை சிரிக்கச் சிரிக்கப் பேசுவான்.

கடைசி இரண்டு வருஷமும் அவன் வந்த கோலம் இப்போது அவள் கண்முன் வந்தது. மழமழவென்று சவரம் செய்த முகம். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். சோப்பு வாசனை. இஸ்திரி கலையாத சட்டை. ராத்திரியெல்லாம் முழித்து, ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்தவன் இப்படியா இருப்பான்? அப்போது அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருந்தாள். பக்கத்து வீட்டில், எங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு அலைந்து வந்தாலும் அலுப்பைக் காட்டமாட்டார் என்று சொல்லியும் இருக்கிறாள். இப்போது அதே சட்டையும் சோப்பு வாசனையும் அவளை அரித்தெடுத்தன. ஒன்பது மணிக்குத் திருச்சியில் இறங்கியவன் மறுநாள் மத்தியானம்வரை எங்கே இருந்தான்? யார் வீட்டில் குளித்தான்? யார் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டது?

போனில் கேட்டிருக்கலாம். பிற்பாடு அவள் அதை எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் பேசினான். அவளும் வழக்கம்போல நடவு, களையெடுப்பு, மாமாவின் முழங்கால் வலி என்று பேசினாள். கேட்டால் இன்னொரு பொய் சொல்லிவிடுவானே என்றுதான் பயந்தாள். நெஞ்சில் வைத்திருக்கவும் முடியவில்லை. மார்கழிக் கடைசியில் அண்ணன் முருகையனிடம் சொல்லிவிட்டாள்.

முருகையன் வாடகைக்கு சுமோ ஓட்டுகிறவன். தங்கச்சிமேல் உயிர், கோபமும் முன்னால் வரும். இதை இப்படியே விடக் கூடாது, கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றான். தை பிறந்து பத்தாம் நாள் ராஜ்குமார் போன் செய்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டில் இருப்பேன் என்றான். எந்த வழியாக என்று கேட்டாள். எப்போதும் போல சென்னை வழியாகத்தான் என்றான். வியாழக்கிழமை விடியற்காலை, வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்வருவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு வானதி அண்ணன் வண்டியில் திருச்சிக்குப் போனாள்.

விமான நிலையத்து வாசலில் நூறு இருநூறு பேர் இருந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேன் வேனாக வந்து நின்றார்கள். வானதி தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். ஒன்பதரைக்கு ராஜ்குமார் வெளியே வந்தான். அவள் பார்த்துப் பழகிய ராஜ்குமாராகவே இல்லை. மூன்று நாள் தாடி, கசங்கிய டி-ஷர்ட், கண்கள் உள்ளே போயிருந்தன. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி ரோட்டுக்குப் போய் ஓர் ஆட்டோவில் ஏறினான். தூணுக்குப் பின்னாலிருந்து நாலு எட்டு எடுத்து வைத்து அவன் முன்னால் போய் நின்றிருந்தால்கூடப் போதும். முருகையன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். எங்கே போகிறான் என்று பார்ப்போம் என்றான்.

மத்திய பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு பழைய லாட்ஜின் முன்னால் ஆட்டோ நின்றது. இவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு உள்ளே போனார்கள். வாசல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வயசானவருக்குப் பெயர் அல்லா பிச்சை என்று பின்னால் தெரிந்தது. சிங்கப்பூர்க்காரரா, பன்னிரண்டாம் நம்பர் என்றார் அவர். தூங்கப் போகிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், சாயங்காலம் வாருங்களேன் என்றும் சொன்னார். கூட யார் இருக்கிறார்கள் என்று முருகையன் கேட்டான். அவருடன் யாரும் வந்ததே இல்லை என்று அவர் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. இரண்டிரண்டு படியாக ஏறினான். வானதி பின்னால் ஓடினாள்.

கதவைத் தட்டியதும் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. ராஜ்குமார் கைலியோடு, தோளில் துண்டோடு கதவைத் திறந்தான். பெண்டாட்டியையும் மச்சானையும் பார்த்த கணத்தில் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றான்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்லங்க" என்றாள் வானதி.

முருகையன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனான். ஒற்றைக் கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலுக்குத் திரை இழுத்துவிட்டிருந்தது. குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்தான். பாதி நிரம்பிய வாளிதான் இருந்தது. திரையைத் தூக்கிப் பார்த்தான். அதோடு நின்றிருக்கலாம். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தான்.

ராஜ்குமார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய முகத்தை வானதி பார்த்தாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதில் தெளிந்த முகம், கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டு சுருங்கியது.

"யாரத் தேடுறீங்க மச்சான்?" என்றான். குரலில் கோபமே இல்லை.

முருகையன் நிமிர்ந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, கீழே வண்டியில் இருக்கிறேன் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டான்.

அவள்தான் முதலில் கேட்டாள், போன வருஷமும் இங்கேதான் இருந்தீர்களா என்று. ஆமாம், அதற்கு முந்தின வருஷமும் இங்கேதான் என்றான். எதற்கு என்று கேட்டாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அங்க ஒரு ரூமுக்குப் பதினாறு பேரு வானதி. மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். நான் படுக்குறப்ப ஒருத்தன் எந்திரிச்சு வேலைக்குப் போவான், ஒருத்தன் போன்ல சண்ட போட்டுக்கிட்டு இருப்பான். வருசம் முச்சூடும் கதவச் சாத்திக்கிட்டு நான் படுக்குறது இந்த ஒரு நாளுதான்."

அவள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தான்.

"முன்ன சென்னைலேருந்து பஸ்ஸுல தனியா ஜன்னலோரம் உக்காந்து வருவேன். அதுலயே பாதி சரியாயிடும். இப்ப திருச்சி ப்ளைட்டுல ஏறி உக்காந்தா உடனே எறங்கச் சொல்லிடுறான். நேரா வீட்டுக்கு வந்தா எல்லாரும் ஆசையா ஓடி வருவீங்க. எனக்குச் சிரிப்பு வராது. அதான் ஒரு நாளு தூங்கிட்டு, சவரம் பண்ணிக்கிட்டு, ஆளா வரலாம்னு பாத்தேன். பொய் சொன்னது தப்புதான்."

'நீங்க படுத்துத் தூங்குங்க, நாங்க போறோம், நாளைக்கு எப்பவும்போல வாங்க' என்று சொல்ல வேண்டும் என்று வானதிக்குத் தோன்றியது. வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது. அப்போது கீழே முருகையன் ஹாரன் அடித்தான். அண்ணன் காத்திருக்கிறான், வெறுங்கையோடு திரும்பிப் போனால் அவனிடம் என்ன சொல்வது, மாமியாரிடம் என்ன சொல்வது, லாட்ஜில் புருஷனை விட்டுவிட்டு வந்தாளா என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அந்த ஒரு நொடியில் அவள் புத்தி எங்கெங்கோ ஓடியது.

"கெளம்புங்க. வண்டி நிக்குது" என்றாள்.

அவன் குளிக்காமலே சட்டையை மாட்டிக்கொண்டான். வண்டியில் முருகையனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வானதி பின்சீட்டில் இருந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். தூங்குவான் தூங்குவான் என்று எதிர்பார்த்தாள். கண்ணை மூடவே இல்லை.

ஒரு நாள் முன்னதாகவே பிள்ளை வந்துவிட்டான் என்று தர்மாம்பாளுக்குக் கொள்ளை சந்தோஷம். கன்னத்தைத் தடவி, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று அழுதாள். அரைமணியில் கூடம் நிறைந்துவிட்டது. பெட்டியைத் திற அப்பா என்று அபிராமி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் வெடுக்கென்று கையை உதறினான். பிள்ளை மிரண்டு போய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது. அதுவரை அவன் அவளை அதட்டியதுகூடக் கிடையாது. கொஞ்ச நேரத்தில் அவனே அவளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டான். ஆனாலும் அன்று பெட்டி திறந்தது வேறு யாரோ திறந்ததுபோல இருந்தது. பொருள்களை எடுத்து எடுத்துக் கீழே வைத்தான். யாருக்கு எது என்று வானதிதான் பங்கிட்டாள்.

முருகையன் கெட்டவன் இல்லை. தங்கச்சி வாழ்க்கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் அவன் டீக்கடையில் அந்தக் கதையைச் சிரிப்பாகச் சொன்னான். கட்டிலுக்கு அடியில் குனிந்ததையும் நடித்துக் காட்டினானாம். ஒரு வாரத்தில் ஊரில் பாதிப் பேருக்கு ராஜ்குமார் 'லாட்ஜுக்காரர்' ஆகிவிட்டான். முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்: சொந்த வீட்டில் தூக்கம் வராதா உனக்கு? தங்கையன் மட்டும் மகனிடம் எதுவும் கேட்கவில்லை. மருமகளை ஒரு நாள் தனியாகப் பார்த்தபோது, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா என்றார். அவ்வளவுதான்.

வானதி மாடி அறையை ஒழித்துப் பெருக்கினாள். புதுப் பாய், தலையணை போட்டாள். யாரும் மேலே வரமாட்டார்கள், நானும் வரமாட்டேன், கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படுங்கள் என்றாள். அவன் போய்ப் படுத்தான். அரை மணி கழித்துப் படியோரம் போய் எட்டிப் பார்த்தாள். கதவு விரியத் திறந்து கிடந்தது. அவன் முழித்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும், என்ன வேணும் என்று எழுந்து உட்கார்ந்தான்.

அடுத்த வருஷம் விமானம் இறங்கும் நேரத்தை அவனே முன்கூட்டிச் சொன்னான். வானதி போனில், திருச்சியில் ஒரு நாள் இருந்துவிட்டே வாருங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கெஞ்சினாள். வேண்டாம், நாலு மணி நேரம்தானே, களைப்பெல்லாம் ஒன்றுமில்லை என்றான். பன்னிரண்டு மணிக்கெல்லாம் தாடியோடு, கசங்கிய சட்டையோடு வாசலில் வந்து நின்றான். வந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசினான். மூன்று நான்கு நாள் போன பிறகே அவன் முகம் அவன் முகமாயிற்று. அதற்கடுத்த வருஷம் ஆறு வார விடுப்பு நாலு வாரமாயிற்று. பிறகு மூன்று. சனங்களும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். காசு வந்ததும் ஆள் மாறிவிட்டான் என்றார்கள். அப்படி இல்லை என்று வானதி யாரிடம் போய்ச் சொல்வாள்?

2011 கோடையில் அவள் அபிராமியோடு சிங்கப்பூர் போனாள். தூரத்து உறவுக்காரர் வீட்டில் தங்கினார்கள். ராஜ்குமார் ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டினான். நீங்கள் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் விடுதி வாசல்வரை கூட்டிப் போனான். பெண்களை உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். அடுக்கடுக்காக ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் கம்பிகூடத் தெரியாமல் துணிகள். உள்ளேயிருந்து வந்த சத்தம் சந்தைக்கடைச் சத்தமாக இருந்தது. உங்கள் ஜன்னல் எது என்று கேட்டாள். அவன் கையைக் காட்டினான். எத்தனை எண்ணியும் எந்த ஜன்னல் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

திரும்பும்போது விமானத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்தாள். ஏதோ தின்னக் கொடுத்தார்கள், பிள்ளை கொஞ்ச நேரம் தூங்கியது, கீழே ஆறும் வயலும் தெரிய ஆரம்பித்துவிட்டன. இவ்வளவு சீக்கிரமா என்று அவளுக்குத் திக்கென்றது. அந்த ஜன்னல்களைவிட்டு மனசு இன்னும் கிளம்பவே இல்லை. வெளியே வந்தால் முருகையன் சிரித்த முகமாக வண்டியோடு நின்றான். கூட மூன்று பேர். ஊரெல்லாம் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்குத் தலையை வலிக்கிறது, கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று வானதி எரிந்து விழுந்தாள். முருகையனுக்கு முகம் விழுந்துவிட்டது.

2016இல் ராஜ்குமார் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். பவர் டில்லர் ஒன்று வாங்கி, சொந்த வயலோடு குத்தகைக்கும் எடுத்து உழுதான். யாரிடமும் சண்டை சச்சரவு இல்லை. அபிராமியின் படிப்பை அவன்தான் பார்த்துக்கொண்டான். புருஷன் பெண்டாட்டிக்குள் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் எந்த அறையிலும் கதவைச் சாத்திப் படுத்து அவள் பார்க்கவில்லை.

ஒரு புரட்டாசியில் டில்லருக்கு ஒரு பல்சக்கரம் உடைந்துபோயிற்று. தஞ்சாவூரில் கிடைக்கவில்லை, திருச்சிக்குத்தான் போக வேண்டும் என்றான். வானதி மாற்றுத் துணி, சோப்பு, சவரக் கத்தி எல்லாம் ஒரு பையில் வைத்துக் கொடுத்தாள். மழை வருகிற மாதிரி இருக்கிறது, அங்கேயே ரூம் போட்டுத் தங்கி நன்றாகத் தூங்கிவிட்டு நாளைக்கு வாருங்கள், இங்கே அவசரம் ஒன்றுமில்லை என்றாள். அவன் பையை வாங்கிக்கொண்டு போனான்.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு வந்துவிட்டான். பல்சக்கரத்தைக் கொட்டகையில் வைத்துவிட்டு உள்ளே வந்து பையைக் கொடுத்தான். வைத்த துணி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"தங்கிட்டு வந்திருக்கலாம்லங்க" என்றாள்.

"எதுக்கு? வேல முடிஞ்சிருச்சு, பஸ்ஸு நின்னுச்சு, வந்துட்டேன்."

வானதி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு வருஷமாகச் சொல்ல நினைத்ததை அப்போதுதான் சொன்னாள்.

"அன்னைக்கு நான் அண்ணன அழைச்சுக்கிட்டுத் திரும்பி வந்திருக்கணும். உங்களத் தூங்க விட்டிருக்கணும்."

ராஜ்குமார் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஆமா. விட்டிருக்கலாம்" என்றான்.

கொல்லைப்பக்கம் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தான். அவள் எழுந்து போய் அவனுக்குச் சோறு போட்டாள்.